“குழந்தையை யார் பார்த்துக்குவாங்க?” என்று இன்டர்வியூவில் கேட்டால்...

‘அக்கா’ என்று கூப்பிட்டு நான்கு பக்கம் எழுதியிருக்கிறார் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 33, பி.காம். படித்தவர். 2015 ஜூனிலிருந்து 2021 ஆகஸ்ட் வரை ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தார். கடைசியாக வாங்கிய சம்பளம் 24,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000. கர்ப்பமாக இருப்பதைச் சொன்ன மாதமே மேனேஜர் கூப்பிட்டு, “நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டா மரியாதையா இருக்கும்” என்று சொல்ல, சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பிஎஃப் பணம் வந்தது, வேறு எதுவும் வரவில்லை. பையன் இப்போது எல்கேஜி போகிறான். சமீபத்தில் போன இரண்டு இன்டர்வியூவிலும் ஒரே மாதிரி கேள்விகள்: நாலு வருஷமா என்ன பண்ணீங்க, ஏன் அங்கிருந்து வந்தீங்க, குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னா யார் பார்ப்பாங்க, இரண்டாவது குழந்தை ஐடியா இருக்கா. முதல் இடத்தில் வாய் திறக்கவில்லை, இரண்டாவது இடத்தில் அழுகை வந்துவிட்டது. வரும் வியாழக்கிழமை அவிநாசிப் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் இன்டர்வியூ. கணவரின் நண்பர் ஒருவர் மூன்று வருட அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார், 8,000 ரூபாய் ஆகுமாம். வாங்கலாமா என்பது முதல் கேள்வி. குழந்தை பற்றிக் கேட்பதே சட்டப்படி குற்றம்தானே, பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்பது இரண்டாவது. 18,000 சம்பளம் கொடுத்தால் போதும் என்று சொன்னால் வேலை கிடைத்துவிடுமா என்பது மூன்றாவது.

உங்களுக்கு நேராகவே எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டவள் நான், அதனால் கேட்கிறவர் மனதில் என்ன ஓடும் என்று ஓரளவு சொல்ல முடியும். இடைவெளி உள்ள ரெஸ்யூமைப் பார்க்கிறபோது அவருக்கு வருவது பயம்தான். இவருக்கு வேலை மறந்து போயிருக்குமோ, மூன்று மாதத்தில் நின்றுவிடுவாரோ, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வாரத்தில் லீவு கேட்பாரோ, திரும்ப ஆள் தேட வேண்டி வருமோ. கேள்வி எவ்வளவு முரட்டுத்தனமாக வந்தாலும் அடியில் இந்த நாலில் ஒன்று இருக்கும். கேள்வி வந்ததும் நீங்கள் ஏதோ குற்றம் சாட்டப்பட்டவர் மாதிரி கூண்டில் போய் நின்றுகொள்கிறீர்கள். அந்த பயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், பேச்சு வேலை பக்கம் திரும்பிவிடும்.

முதலில் அந்தச் சான்றிதழ்

வாங்காதீர்கள். நேர்மை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், காரியமாகவே பார்த்தாலும் அது மாட்டிவிடும். உங்கள் பிஎஃப் கணக்குக்கென்று 12 இலக்க யுஏஎன் எண் இருக்கிறது. பிஎஃப் பணத்தை எடுத்துவிட்டாலும் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எந்தத் தேதி வெளியேறினீர்கள் என்ற விவரம் அந்தக் கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியில் அப்படியே இருக்கும். புதுக் கம்பெனி பிஎஃப் சேர்க்க அதே எண்ணைத்தான் கேட்கும், 2021-க்குப் பிறகு ஒன்றுமில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். ‘சின்னக் கம்பெனி, பிஎஃப் கிடையாது’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நண்பர் சொல்வார். சரி, அப்படியானால் சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் மேல், திருப்பூர்–அவிநாசி வட்டாரத்தில் அக்கவுண்ட்ஸ் ஆட்களும் ஆடிட்டர் ஆபீஸ்களும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், ஒரு போன் போட்டால் முடிந்தது. போலிச் சான்றிதழ் கொடுத்து வேலை வாங்குவது மோசடி, போலி ஆவணம் என்று கிரிமினல் வழக்காகவும் போகலாம். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் உங்களை அனுப்ப வேறு காரணமே வேண்டியதில்லை. அப்புறம் ஒன்று, கணக்கு எழுதுகிற வேலைக்குப் போகிறீர்கள். பணத்தை நம்பி ஒப்படைக்கிற இடம் அது.

“நாலு வருஷமா என்ன பண்ணீங்க?”

கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், ஏதோ போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘இரண்டு வருடமாக சித்தப்பா பையனோட தையல் யூனிட்டுக்கு டேலி போட்டு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணிக் கொடுக்கிறேன், மாதம் 3,000 தருவான், அதெல்லாம் வேலைன்னு சொல்ல முடியாது.’ இதைப் படித்ததும் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. மூன்று வருடம் செய்யாத வேலைக்கு 8,000 ரூபாய் கொடுத்துச் சான்றிதழ் வாங்க யோசிக்கிறீர்கள், இரண்டு வருடம் செய்த வேலையை ரெஸ்யூமில் ஒரு வரி கூட எழுதவில்லை.

அதை எழுதுங்கள். பகுதி நேரக் கணக்குப் பணி, ஜாப் ஒர்க் தையல் யூனிட், எந்த மாதத்திலிருந்து, என்னென்ன செய்தீர்கள் என்று உள்ளதை உள்ளபடி. அந்தத் தம்பியிடம் அவர் லெட்டர்பேடிலேயே ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அது உண்மையான கடிதம், யார் போன் போட்டுக் கேட்டாலும் நிற்கும். உறவினர் என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் வேலையை விட்ட பிறகு உங்கள் துறையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அரசு போர்ட்டலில் பதிவு செய்கிற இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் 43பி(எச்) பிரிவு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்கவில்லை என்றால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. திருப்பூரில் அப்போது இது எவ்வளவு பெரிய பேச்சாக இருந்தது என்று உங்களுக்கே தெரியும், ஏனென்றால் சித்தப்பா பையன் யூனிட்டுக்கு வர வேண்டிய பாக்கியை இதைச் சொல்லித்தான் வசூல் பண்ணினோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! நூற்பாலையில் இது தலைகீழாக வரும், அவர்கள் பணம் கொடுக்க வேண்டிய பக்கமும் இருப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்று சுருங்கியதையும், மாத வரி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பியில் தானாக வந்து விழும் வரித் தொகையை 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து அங்கேயே திருத்த முடியாது என்பதையும் ஒருமுறை உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள். ‘வேலை மறந்து போயிருக்குமோ’ என்ற பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

வாயால் சொல்லும்போது இந்த அளவு போதும்:

“2021-ல கர்ப்பமா இருந்தப்ப வேலையை விட்டேன் சார். பையன் சின்னவனா இருந்தப்ப வீட்ல இருந்து பார்த்துக்கிட்டேன். கடைசி ரெண்டு வருஷமா ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு டேலி பிரைம்ல கணக்கு, மாசாமாசம் ஜிஎஸ்டிஆர்-1, 3பி நான்தான் பண்றேன். இப்ப பையன் ஸ்கூல் போறான், முழு நேரமா வரணும்னு இருக்கேன்.”

அவ்வளவுதான். இதற்குமேல் மன்னிப்புக் கேட்கிற தொனியில் ஒரு வார்த்தை கூட வேண்டாம். இதை மனப்பாடம் பண்ணாதீர்கள், வார்த்தை மாறட்டும். ஆனால் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கணவரை எதிரே உட்கார வைத்து நாலு நாள் தொடர்ந்து. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதும் வாயால் சொல்வதும் ஒன்றில்லை. அழுகை வருவது பெரும்பாலும் அந்த வாக்கியத்தை முதல் தடவையாக இன்டர்வியூவில் வைத்துச் சொல்வதால்தான். வீட்டில் பத்துத் தடவை சொல்லி, வந்தால் அங்கேயே அழுது முடித்துவிடுங்கள்.

குழந்தையைப் பற்றிக் கேட்டால்

இதில் ஒரு சின்னத் திருத்தம். தனியார் நிறுவனம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்பதே குற்றம் என்று நேரடியாகச் சொல்கிற சட்டம் நம் நாட்டில் இல்லை. பெண் என்பதால் வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்பதுதான் சட்டம். 1976-ம் வருட சம ஊதியச் சட்டத்தில் இருந்தது, இப்போது 2019-ம் வருட ஊதியச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது. கேள்வி கேட்டார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் செய்ய முடியாது, அதனால்தான் வேலை தரவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும், அது சுலபமில்லை.

ஆனால் கேட்பது சரி என்று அர்த்தமில்லை. 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் நீரா மாத்தூர் வழக்கு வந்தது. எல்ஐசியில் வேலைக்குச் சேரும் பெண்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் மாதவிடாய், கர்ப்பம் பற்றியெல்லாம் கேட்டிருந்தார்கள். அதில் பொய்த் தகவல் தந்தார் என்று ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார்கள். நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னதோடு, பெண்ணின் கூச்சத்தையும் சுயமரியாதையையும் புண்படுத்துகிற கேள்விகள் என்று சொல்லி அவற்றைப் படிவத்திலிருந்தே எடுக்கச் சொன்னது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அதே கேள்விகள் வாய்வழியாக வந்துகொண்டிருக்கின்றன என்பது எனக்கு இன்றும் கோபம் வரவைக்கிற விஷயம். நானே அப்படிக் கேட்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்த நாட்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, வியாழக்கிழமை என்ன செய்வது? ‘பதில் சொல்ல மாட்டேன்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஆனால் வேலை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். வேலை வேண்டும் என்று போகிற உங்களுக்கு அதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். கேட்கிறவருடைய பயம் லீவு பற்றியது, அதற்கு மட்டும் பதில்: “மாமியார் எங்க கூடவே இருக்காங்க சார், ஸ்கூல் விட்டு வந்ததும் அவங்க பார்த்துக்குவாங்க. உடம்பு சரியில்லைன்னா நானும் என் வீட்டுக்காரரும் மாத்தி மாத்திப் பார்த்துக்குவோம். 11-ம் தேதி, 20-ம் தேதி ரிட்டர்ன் சமயத்துல லீவு போட முடியாதுன்னு எனக்குத் தெரியும்.” கடைசி வரி முக்கியம், அது உங்களைக் கணக்குத் தெரிந்தவராகக் காட்டும். கணவர் மாற்றிப் பார்த்துக்கொள்வார் என்பதை அவரிடம் முன்னாடியே பேசி உறுதி செய்துகொண்டு சொல்லுங்கள்.

இரண்டாவது குழந்தை பற்றிய கேள்வி வேறு. அது உங்கள் வீட்டுக்குள் இருக்கிற விஷயம். “அது எங்க குடும்பத்துல பேசி முடிவு பண்றது சார், வேலையில என்கிட்ட எதை எதிர்பார்க்கறீங்கன்னு சொல்லுங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ‘இல்லவே இல்லை, பெத்துக்க மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், எழுதிக் கொடுக்கச் சொன்னால் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 2017-லிருந்து சட்டம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். எழுதி வாங்கிக்கொண்டு அதைப் பறிக்க யாராலும் முடியாது. அதற்கு மேலும் அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டு தொங்கினால், அந்த இடத்தில் உங்களுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

“அங்கிருந்து ஏன் வந்தீங்க?”

அன்றைக்கு நடந்தது அநியாயம், அதில் சந்தேகமில்லை. அவர்கள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது: மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்திருந்தால் மகப்பேறு காலப் பணத்தைத் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈஎஸ்ஐ கொடுத்திருக்கும், நீங்கள் 24,000 வாங்கியதால் 26 வாரச் சம்பளமும் கம்பெனி கையிலிருந்து போக வேண்டும். ‘நானே எழுதிக் கொடுத்தேன், என் தப்புதான்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் மாதத்தில் தனியாக ஓர் அறையில் உட்கார வைத்து வாங்கிய கையெழுத்தை உங்கள் தப்பு என்று நினைக்காதீர்கள். இப்போது வழக்காகப் போடலாமா என்றால், வேலையை விட்டு நீக்கினால் மேல்முறையீடு செய்ய மகப்பேறு நலச் சட்டம் கொடுத்த காலம் 60 நாள், கையில் இருப்பதோ நீங்களே எழுதிய ராஜினாமா. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

இன்டர்வியூவில் முழுக் கதையும் வேண்டாம். பொய்யும் வேண்டாம். “கர்ப்பமா இருந்தேன், அப்ப தொடர முடியாத சூழ்நிலை. ஆறு வருஷத்துல என் வேலை மேல எந்தக் குறையும் வந்ததில்லை, ரிலீவிங் லெட்டர் இருக்கு.” ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பழைய மேனேஜரைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொன்னாலும், நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார் என்று எதிரே இருப்பவர் நினைப்பார்.

இதோடு ஒன்று, நீங்கள் கேட்காதது. ஆறு வருடம் இரண்டு மாதம் வேலை பார்த்திருக்கிறீர்கள், பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற கம்பெனி, ஐந்து வருடம் தாண்டினால் நீங்களாக ராஜினாமா செய்திருந்தாலும் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. 14,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆறு வருடத்தால் பெருக்கினால் 48,461 ரூபாய். 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி இருந்தாலும், தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாமல் போகாது. தரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் இதற்கென்று இருக்கிற அதிகாரியிடம் போகலாம். ஆனால் இந்த வாரம் வேண்டாம். புதுக் கம்பெனி உங்களைப் பற்றி விசாரிக்கப் பழைய கம்பெனிக்குத்தான் போன் பண்ணும். சேர்ந்து, விசாரணையெல்லாம் முடிந்த பிறகு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பார்த்து எழுதிக் கேளுங்கள்.

“நீங்க பண்ணின தப்பு ஒண்ணு சொல்லுங்க”

இதற்கு “அப்படி ஒண்ணும் இல்லை சார்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கு வேலையில் தப்பே பண்ணாதவர் கிடையாது, இல்லை என்று சொன்னால் மறைக்கிறார் என்றுதான் தோன்றும். உங்களிடம் அருமையான பதில் ஒன்று இருக்கிறது. 2019-ல் கேரளா பார்ட்டி பில்லை, வெளி மாநிலத்துக்குப் போட வேண்டிய ஐஜிஎஸ்டிக்குப் பதில், உள் மாநிலத்துக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று போட்டுவிட்டு, மாதக் கடைசியில் ஒத்துப் பார்க்கும்போது நீங்களே கண்டுபிடித்து மேனேஜரிடம் சொல்லித் திருத்தினீர்கள், அன்றிலிருந்து எந்தப் பில் வந்தாலும் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்ட்ரி போடுவீர்கள், 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளா. இதை அப்படியே சொல்லுங்கள்.

சம்பளம்

18,000 என்று நீங்களாக இறங்காதீர்கள். 2021-ல் வாங்கியதைவிடக் குறைவாகக் கேட்டால், இவருக்கே தன் வேலை மேல் நம்பிக்கையில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பழைய சம்பளத்தையும் கூட்டிச் சொல்ல வேண்டாம், பே ஸ்லிப் கேட்பார்கள். “கடைசியா 24,000 வாங்கினேன், 26-லிருந்து 28 வரைக்கும் எதிர்பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அவர்கள் சொல்கிற தொகை சிடிசியா (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு), கைக்கு வருவதா என்று கட்டாயம் கேளுங்கள். சிடிசி 30,000, அடிப்படை 15,000 என்று வைத்தால் கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 720, உங்கள் பங்கு பிஎஃப் 1,800 எல்லாம் போய்க் கைக்கு 25,700-க்குள்தான் வரும்.

புதன்கிழமை இரவே ஃபைலை எடுத்து வைத்துவிடுங்கள்: ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், யுஏஎன் எண், சித்தப்பா பையன் யூனிட் கடிதம், டிகிரி சான்றிதழ். பையனுக்குக் காய்ச்சல் வந்தாலும் வியாழக்கிழமை காலை யார் பார்ப்பது என்று மாமியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். உள்ளே தொண்டை அடைத்தால், “ஒரு நிமிஷம் சார், தண்ணி குடிச்சுக்கறேன்” என்று கேட்டுக் குடியுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வெளியே வந்ததும் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவர்கள் கேட்ட கேள்விகளை வரிசையாக எழுதி எனக்கு அனுப்புங்கள். இந்த வேலை கிடைக்கவில்லை என்றால் அடுத்த இன்டர்வியூவுக்கு அதை வைத்துத் தயாராவோம்.